பழைய பிக்கப்பின் முன்பிறவிகள்

தோட்டப்புறச் சாலைகளில் பழைய பிக்கப் வண்டிகளை நம்மில் பலர் கண்டிருப்போம். நின்று பார்த்தவர்கள் சிலரே. லாபுவில் என் தாய்மாமா வீட்டு வாசலில் அப்படி ஒன்று நிற்கிறது. டட்சன் 620. 1972 முதல் 1979 வரை தயாரான ரகம். மாமாவிடம் வருமுன்பே பல கை மாறிய வண்டி. விற்றவருக்கே அதன் முந்தைய கதை தெரியாதாம். சென்ற விடுமுறையில் அதற்குப் புதுச்சாயம் பூச முடிவானது. கதவைத் தேய்க்கும் வேலை எனக்கு. பல்கலைக்கழகத்தில் படிக்கும் மருமகனுக்கு மாமா கொடுத்த மரியாதை அது!

வண்டியின் பழைய வாழ்வை அறிய முதலில் எண் பட்டையைப் பாருங்கள். நம் நாட்டில் வண்டியை விற்றாலும் பொதுவாக எண் மாறுவதில்லை. 'என்' என்று தொடங்கினால் நெகிரி செம்பிலானில் பதிவானது; 'ஜே' என்றால் ஜொகூர். மாமாவின் வண்டியோ 'பி', அதாவது சிலாங்கூர். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. 1974இல் கூட்டரசுப் பிரதேசமாகும் வரை கோலாலம்பூர் சிலாங்கூரோடுதான் இருந்தது. ஆகவே முதல் உரிமையாளர் கிள்ளானில் மீன் விற்றவராகவும் இருக்கலாம், கோலாலம்பூரில் மளிகைக்கடை வைத்தவராகவும் இருக்கலாம்.

அடுத்தது கதவு. சரக்கு வண்டிகளின் கதவில் உரிமையாளர் பெயர், முகவரி, வெற்று எடை, சுமையோடு எடை ஆகியவற்றை எழுதியிருப்பார்கள். (அந்த இரண்டு எடைகளின் மலாய்ச் சுருக்கங்களைத் தமிழில் எழுதிப் பாருங்கள், இரண்டுமே 'பி.டி.எம்.' என்றுதான் வரும்.) அக்காலத்தில் இவற்றைத் தூரிகையால் தடிப்பாக எழுதுவார்கள். மேலே வேறு சாயம் பூசினாலும் எழுத்தின் மேடு போகாது. கைவிளக்கைக் கதவோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் நிழல் விழும். நான் தேய்க்கத் தேய்க்க வெள்ளைக்குக் கீழே நீலம் வந்தது, நீலத்துக்குக் கீழே பச்சை. அந்தப் பச்சையில் ஆங்கிலத்தில் ஆறு எழுத்துகள்: 'எஸ்டேட்'. எந்த எஸ்டேட் என்ற பகுதி துருவோடு உதிர்ந்துவிட்டது.

பின்பகுதியில் இன்னும் உறுதியான சான்று கிடைத்தது. திருகாணி இடுக்குகளில் கறுத்து இறுகிய ஒட்டுப்பால்! செம்பனைக் குலை ஏற்றிய வண்டியில் முள் கீறல்களும் காய்ந்த பழத்தோலும் இருக்கும், பால் இருக்காது. இவ்வண்டியில் இரண்டும் உள்ளன. ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட மாற்றத்தை இந்த வண்டி தன் முதுகிலேயே வைத்திருக்கிறது. வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறித் தரம் குறையும். எனவே மாமாவும் இதை ஓய விடுவதில்லை. டேஷ்போர்டில் பிள்ளையார் படம் ஒட்டிய பசைத்தடம். பக்கத்திலேயே சீன எழுத்துள்ள சிவப்புத்தாளின் கிழிசல். இருவரும் எந்தக் காலத்து முதலாளிகளோ!

வண்டிக்கு மட்டுமா பெயர் மாறியது? கத்ரி, கோல்டன் ஹோப், சைம் டார்பி ஆகிய மூன்று தோட்ட நிறுவனங்கள் 2007இல் ஒன்றாயின. கத்ரி என்ற பெயர் மறைந்தது. 2024இல் சைம் டார்பி பிளாண்டேஷன் 'எஸ்டி கத்ரி' ஆனது. பழைய சாயம் மேலே வந்த கதைதான். நம் லாபுவே 2009இல் மலிவுக் கட்டண விமான முனையமாக மாற இருந்தது. அத்திட்டம் கைவிடப்பட்டுச் சிப்பாங்கில் கேஎல்ஐஏ 2 கட்டப்பட்டு 2014இல் திறக்கப்பட்டது.

இதையெல்லாம் நான் விளக்கிக்கொண்டிருந்தபோது பாட்டி வந்து பச்சைச் சாயத்தைத் தடவிப் பார்த்தார்.

"நம்ம தோட்டத்துலயும் பச்ச வண்டிதான்யா இருந்துச்சு. உங்க தாத்தாவ ராத்திரியோட ராத்திரியா சிரம்பான் ஆஸ்பத்திரிக்கு அதுலதான் கொண்டு போனாங்க. இது அதுவா இருக்குமோ?"

தாத்தா அங்கிருந்து திரும்பவில்லை.

"நம்பர் ஞாபகம் இருக்கா பாட்டி?"

"நம்பரா? எழுத்து தெரிஞ்சாத்தானே. கதவு மூடாது, கயித்தால கட்டியிருப்பாங்க. அதுதான் தெரியும்."

கதவின் பூட்டைப் பார்த்தேன். அது பின்னாளில் மாற்றிய பூட்டு. கயிறு கட்டிய தடம் எதுவும் இல்லை. சிலாங்கூர் எண் என்பதாலேயே இது லாபு தோட்டத்தில் ஓடவில்லை என்றும் சொல்ல முடியாது. ஓடியது என்றும் சொல்ல முடியாது. அதுவரை கற்பனை செய்வது எனக்கு விளையாட்டாக இருந்தது. கிள்ளான் மீன்காரரை நானாகவே வண்டியில் ஏற்றி இறக்கினேன். பாட்டியிடம் அப்படிச் செய்ய மனம் வரவில்லை. "இருக்கலாம் பாட்டி, உறுதியாத் தெரியல" என்றேன். அவர் தலையசைத்துவிட்டு, வண்டியின் பின்பகுதியில் சற்று நேரம் கைவைத்து நின்றார்.

அந்த ஆறு எழுத்துகளை மட்டும் தேய்க்க வேண்டாம் என்றார் மாமா. அவற்றின் மேலேயே வெள்ளை பூசினோம். மாலை வெயில் சாய்ந்து விழும்போது 'எஸ்டேட்' இன்னும் தெரிகிறது.