பள்ளிக்கூடத்துக்கே பூட்டு!

மேனேஜரை ஒரு மணி நேரம் வெளியே கிளப்ப, ஒரு பொய் போன்காலே போதும் என்று சவால் விடும் கில்லாடிகள் சிலரை எனக்குத் தெரியும். அவங்களுக்கெல்லாம் குரு, ஒரு பதினாறு வயசுப் பெண்! பெயர் பார்பரா ஜான்ஸ்.

ஊர், அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஃபார்ம்வில். வெள்ளைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, கறுப்புப் பிள்ளைகளுக்கு வேறு பள்ளி. அங்கே சட்டமே அப்படித்தான். கறுப்பர்களின் மோட்டன் உயர்நிலைப் பள்ளி 180 பேருக்காகக் கட்டியது. படித்ததோ 450 பேர்! இடம் பத்தலை என்றதும், தார்க் காகிதம் போர்த்திய ஷெட்டுகளைப் போட்டுக் கொடுத்தார்கள். மழை வந்தால் ஒழுகும். குளிர்காலத்தில் கணப்புக்குப் பக்கத்தில் இருப்பவனுக்கு வேர்க்கும். தள்ளி இருப்பவன் கோட்டைக் கழற்ற மாட்டான்.

1951 ஏப்ரல் 23. மாணவர்கள் டவுனில் ஏதோ வம்பில் மாட்டிக்கிட்டதாக ஹெட்மாஸ்டருக்கு ஒரு போன். மனுஷர் பதறி ஓடினார். உடனே, எல்லோரும் ஹாலுக்கு வரவும் என்று வகுப்பு வகுப்பாகச் சீட்டு பறந்தது. கீழே ஹெட்மாஸ்டர் போடுகிற மாதிரியே கையெழுத்து! மேடைத் திரை விலகினால்... நின்றது பார்பரா. ஆசிரியர்களை வெளியே போகச் சொல்லிவிட்டு, 'ஸ்டிரைக்' என்றாள். பள்ளியே கூட வந்தது. இரண்டு வாரம் நடந்தது.

பிள்ளைகள் கேட்டது ஒரு நல்ல கட்டடம், அவ்வளவுதான். வக்கீல்கள் ஆலிவர் ஹில்லும் ஸ்பாட்ஸ்வுட் ராபின்சனும் ஒரு நிபந்தனை போட்டார்கள்: வெள்ளைப் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்கணும் என்று கேட்பதானால்தான் வழக்கு. பெற்றோர்கள் துணிந்தார்கள். 117 மாணவர்கள் பெயரில் கேஸ் போட்டாச்சு. பார்பராவுக்கு ஆபத்து என்று பயந்து, அலபாமாவில் இருந்த அப்பாவின் சகோதரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

1954-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. புகழ்பெற்ற பிரவுன் வழக்கில் சேர்த்து விசாரிக்கப்பட்ட ஐந்து கேஸ்களில் இதுவும் ஒன்று. அரசுப் பள்ளிகளை நிறம் பார்த்துப் பிரிப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று சொல்லிவிட்டார்கள்.

'சுபம்' போட்டுடலாம்னு பார்க்கறீங்களா? இருங்க சார்!

கோர்ட் நெருக்கியதும், 1959-ல் அந்த ஜில்லா நிர்வாகம் என்ன செய்தது தெரியுமா? சேர்த்து நடத்துவதைவிட மூடுவதே மேல் என்று, அரசுப் பள்ளிகள் அத்தனையையும் இழுத்துப் பூட்டியது! வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி முளைத்தது. கறுப்புப் பிள்ளைகளில் சிலர் வெளியூர் உறவினர் வீட்டுக்குப் போனார்கள். சிலர் சர்ச்சில் பாடம் கற்றார்கள். பலருக்குப் படிப்பே நின்றது. கடைசி வருஷம்தான் நன்கொடையில் இலவசப் பள்ளிகள் நடந்தன. 1964-ல் சுப்ரீம் கோர்ட் மறுபடி தலையிட்ட பிறகுதான் பூட்டு திறந்தது.

பார்பரா பின்னாளில் நூலகர் ஆனார், 1991-ல் காலமானார். 2020-ல் வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்திலிருந்து தளபதி லீயின் சிலையை வர்ஜீனியா எடுத்துவிட்டது. அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலங்களின் படைக்குத் தலைமை தாங்கியவர் அவர். அந்தச் சிலைக்குப் பதிலாகத் தேர்வானவர், நம்ம பொய் போன்கால் பார்பரா!

சபாஷ்தான். ஆனால், எனக்கு அந்தச் சிலையைவிட இன்னொரு உருவம்தான் மனசில் நிற்கிறது. 1959-ல் ஒண்ணாங்கிளாஸ் சேர ஆசையாகக் கிளம்பிய ஆறு வயசுக் கறுப்புப் பிள்ளை. அரசுப் பள்ளிக் கதவு திறந்தபோது அதற்கு வயசு பதினொன்று!

கேஸில் ஜெயிச்சாச்சு. அந்த ஐந்து வருஷத்தை எந்தக் கோர்ட்டில் கேட்பது?