அண்ணன் விட்டுச் சென்ற மெட்டுகள்

ஏசி, டிசி என்ற எழுத்துகளைக் கண்டால் ரயில்வே மின்பிரிவில் உழைத்தவனுக்கு மின்சாரம்தான் நினைவுக்கு வரும். மும்பையைச் சுற்றி 1500 வோல்ட் டிசியும், அதற்கு அப்பால் 25,000 வோல்ட் ஏசியும் ஓடிய நாட்களில், இரண்டிலும் இயங்கும் என்ஜின்களோடு மல்லாடியவன் நான். அதே பெயரில் ஒரு ராக் இசைக்குழு ஆஸ்திரேலியாவில் உண்டு என்பது, கல்லூரியில் படித்த என் மகன் கேசட் வாங்கி வந்தபோதுதான் தெரிந்தது. அவர்களும் மின்சாரத்திலிருந்தே பெயரை எடுத்தார்களாம். அக்கா மார்கரெட்டின் தையல் மெஷினில் அந்த எழுத்துகள் இருந்தன.

ஸ்காட்லாந்திலிருந்து சிட்னிக்குக் குடியேறிய யங் குடும்பத்தின் மால்கம், ஆங்கஸ் என்ற சகோதரர்கள் 1973 இல் தொடங்கிய குழு இது. பள்ளிச் சீருடையில் மேடையெங்கும் துள்ளுபவர் தம்பி ஆங்கஸ். பின்னால் அசையாமல் நின்று வாசித்தவர் அண்ணன் மால்கம். 2020 நவம்பர் 13 அன்று இவர்களது 'பவர் அப்' ஆல்பம் வெளிவந்தது. 12 பாட்டுகள், சுமார் 41 நிமிடம். அத்தனைக்கும் இசை ஆங்கஸ் யங், மால்கம் யங் என்று போட்டிருக்கிறது. மால்கமோ 2017 நவம்பர் 18 அன்றே காலமாகிவிட்டவர்.

இது எப்படி என்று கேட்கலாம். இவர்கள் பாட்டுக்கு அடிப்படை 'ரிஃப்'. நாலைந்து சுரங்களைக் கிடாரில் திரும்பத் திரும்ப வாசித்து உண்டாக்கும் ஒரு சின்ன முடிச்சு அது. சகோதரர்கள் இருவரும் தோன்றியதையெல்லாம் பதிவு செய்து சேர்த்து வைக்கும் வழக்கமுள்ளவர்கள். 2008 இல் வந்த 'பிளாக் ஐஸ்' ஆல்பத்துக்கு முன் சேர்த்தவற்றில் பல பயன்படாமலே கிடந்தன. மறதி நோய் முற்றி 2014 இல் மால்கம் விலகினார். அவர் மறைந்த பிறகு தம்பி அந்தப் பெட்டியைத் திறந்தார்.

மால்கமின் வேலை என்ன என்று நம்மவர்களுக்குச் சொல்ல நாதஸ்வரக் கச்சேரிதான் சரியான உதாரணம். ஒத்து ஊதுபவரை யாரும் பார்ப்பதில்லை. அவர் நிறுத்தினால் கச்சேரி நிற்கும். மால்கம் ஒத்தும் தவிலும் ஒருவரே ஆனவர். தம் கிரெட்ச் கிடாரில் ஒரே ஒரு பிக்கப்பை மட்டும் விட்டு மற்றதைக் கழற்றிவிட்டார். தடித்த தந்திகளைப் போட்டார். ஆம்பிளிஃபயரில் கரகரப்பை அதிகம் ஏற்றவில்லை. ஏற்றினால் சுரங்கள் ஒன்றோடொன்று குழம்பிவிடும். குறைத்தால் ஒவ்வொரு தந்தியும் தனியே கேட்கும், நடுவில் விடும் மௌனமும் கேட்கும். ஹார்ட் ராக் என்றால் வெறும் இரைச்சல் என்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. அந்த இடத்தில் இப்போது வாசிப்பவர் அண்ணன் மகன் ஸ்டீவி யங். 1988 இலும் மால்கமுக்குப் பதிலாக ஒரு பயணத்தில் வாசித்தவர்தான்.

பாடகர் பிரையன் ஜான்சன் கதை வேறு. கேட்கும் திறனை அடியோடு இழக்க நேரிடும் என்று டாக்டர்கள் எச்சரித்ததால் 2016 இல் சுற்றுப்பயணத்தை பாதியில் விட்டார். உட்காதில் உள்ள நுண்ணிய மயிர்ச் செல்கள் பலத்த ஓசையில் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. டீசல் ஷெட்டில் காது கொடுத்த என் சகாக்கள் சிலருக்கு இது நன்றாகத் தெரியும். பிறகு காதுக்குள் வைக்கும் புதுவகைக் கருவியின் துணையோடு ஜான்சன் மேடைக்குத் திரும்பினார்.

இக்குழுவுக்குச் சாவு புதிதல்ல. முதல் பாடகர்களில் புகழ் பெற்ற பான் ஸ்காட் 1980 பிப்ரவரியில் இறந்தார். ஜூலையிலேயே ஜான்சனைக் கொண்டு 'பேக் இன் பிளாக்' வந்தது. அதன் கறுப்பு அட்டையே ஸ்காட்டுக்கான துக்கம். அதுபோல 'பவர் அப்' மால்கமுக்கானது.

எல்லா ஆல்பமும் ஒன்று போலவே இருக்கிறது என்ற குறை பழையது. அதில் நியாயமும் உண்டு. இதிலும் பின்பாதியில் இரண்டொரு பாட்டுகள் மனதில் நிற்காமல் போகின்றன. ஆனால் 'த்ரூ த மிஸ்ட்ஸ் ஆஃப் டைம்' என்ற பாட்டில் முரட்டுத்தனம் குறைந்து, பழைய நாட்களை நினைக்கும் ஒரு கனிவு வருகிறது. இவர்களிடம் அது அபூர்வம்.

புதிதாகக் கேட்பவர்கள் முதலில் 'பேக் இன் பிளாக்' பாட்டை ஹெட்போனில் கேளுங்கள். அண்ணன் கிடார் ஒரு காதிலும் தம்பியுடையது மறு காதிலும் ஒலிக்கும். ஒரு பக்கத்தை எடுத்துவிட்டுக் கேளுங்கள், பிறகு மறுபக்கத்தை. அதன் பின் 'பவர் அப்' போடுங்கள்.