இழை எண்ணிய விரல்களும் விழாத ஆப்பிளும்

ஜப்பானின் பெருந்தீவாகிய ஹோன்ஷூவின் வடகோடியில் அவோமோரி மாநிலம் இருக்கின்றது. அதன் மேற்குப் பகுதிக்குச் சுகாரு என்று பெயர். குளிர்காலம் வந்தால் அங்கே வீடும் வயலும் வெண்பனியில் புதைந்துவிடும். தறியையும் நிலத்தையும் நம்பி வாழும் நம் அங்கத்தினர்கள் அறிந்து மகிழத்தக்க செய்திகள் அந்நாட்டில் பல உள.

முதலில் துணியைப் பற்றிக் கூறுவோம். சுகாருவின் குளிரில் பருத்தி விளையாது. வெளியிலிருந்து வந்த பருத்தியாடையையும் உழவர் உடுத்தலாகாது என்று 1724-ஆம் ஆண்டில் ஆட்சியாளர் சிக்கனச் சட்டம் விதித்தனர். ஆகவே உழவர் நார்ச்செடியைப் பயிரிட்டு, அதன் நாரை நூற்று நெய்து, அவுரிச் சாயம் தோய்த்து உடுத்தினர். அம்முரட்டுத் துணியின் இடைவெளிகளில் குளிர்காற்று புகுந்து வருத்தியது. அவ்விடைவெளிகளைப் பெண்கள் வெண்ணூலால் அடைக்கத் தொடங்கினர். பாவிழைகளை ஒன்று, மூன்று, ஐந்து என ஒற்றைப்படையாக எண்ணி, ஊடைபோல் குறுக்கே ஊசியை ஓட்டினர். துணி கனத்தது, குளிர் தணிந்தது, சுமை தூக்கும் தோளும் முதுகும் வலுப்பெற்றன. கூடவே அழகிய சாய்சதுரக் கோலங்களும் பிறந்தன. அவற்றுக்கு அவரை விதை, பூனைக்கண், பட்டாம்பூச்சி என்றெல்லாம் பெயரிட்டனர். இதுவே 'கோகின்' என்னும் தையற்கலை.

1891-இல் தோக்கியோவிலிருந்து அவோமோரி வரை ரயில் பாதை முற்றுப்பெற்றது. மலிவான பருத்தித் துணி வந்து குவிந்தது. கோகின் மறையலாயிற்று. கலையறிஞர் யானாகி சோயெட்சு 1932-இல் தமது 'கோகேய்' இதழில் அதன் சிறப்பை எடுத்துரைத்தார். பின்னர் ஹிரோசாகி நகரில் பழைய ஆடைகளைத் தேடிக் கோலங்களைப் பதிவு செய்து, இல்லத்துப் பெண்களுக்கு வேலை கொடுத்து, அக்கலையை மீட்டனர். இன்று அது பையாகவும் மேசை விரிப்பாகவும் விலைபோகின்றது.

உணவிலும் இத்தகைய சிந்தனையைக் காண்கிறோம். சனவரி நடுவில் வரும் சிறு புத்தாண்டின்போது 'கெனோஷிரு' என்னும் குழம்பு காய்ச்சுவர். முள்ளங்கி, காரட், சேமித்து வைத்த காட்டுக்கீரைத் தண்டு, அரைத்த சோயா ஆகியவற்றைப் பொடியாக நறுக்கிப் பெரிய பானையில் சமைப்பர். பல நாள் சுடவைத்து உண்ணலாம். அந்நாட்களில் அடுப்படிப் பெண்களுக்கு ஓய்வு கிடைக்கும்!

இனி ஆப்பிள். 1875-இல் அரசாங்கம் அவோமோரிக்கு மூன்றே கன்றுகளை அனுப்பியது. மானியம் இழந்த பழைய படைவீரர் பலர் அப்பயிரில் இறங்கினர். இன்று ஜப்பானிய ஆப்பிளில் பாதிக்கு மேல் இம்மாநிலத்திலேயே விளைகின்றது. உலகெங்கும் பெயர்பெற்ற 'ஃபூஜி' வகையும் இங்குள்ள ஃபூஜிசாகி ஊரில் 1939-இல் செய்த ஒட்டுச்சேர்க்கையின் பயனே; 1962-இல் அப்பெயரைப் பெற்றது.

1991 செப்டம்பரில் அறுவடைக்கு முன்னரே பெரும்புயல் வீசியது. கனிகள் மண்ணில் உதிர்ந்தன. உழவர் கலங்கினர். ஆயினும் கிளையில் எஞ்சிய கனிகளைச் சிலர் கூர்ந்து நோக்கினர். ஜப்பானிய மொழியில் தேர்வில் தோற்பதையும் 'விழுதல்' என்றே சொல்வர். 'விழாத ஆப்பிள்' எனப் பெயரிட்டுத் தேர்வெழுதும் மாணவர்க்கு நல்ல விலைக்கு விற்றனர்.

காட்சி காண விழைவோர் வசந்தத்தில் ஹிரோசாகிக் கோட்டைக்குச் செல்வர். அங்கே இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட செர்ரி மரங்கள் பூத்துக் குலுங்குகின்றன. செர்ரியை வெட்டுபவன் மூடன் என்பது ஜப்பானியப் பழமொழி. ஆனால் இவ்வூரார் ஆப்பிள் தோட்டத்தில் கற்ற கவாத்து முறையைச் செர்ரிக்கும் கையாண்டனர். முதிர்ந்த மரங்களும் புதுக்கிளை விட்டு அடர்ந்து பூக்கின்றன.

இவ்வளவுக்கும் பின்னே ஒரு கவலையும் உண்டு. தோட்டக்காரர் முதுமையடைகின்றனர், இளைஞர் நகரங்களை நாடுகின்றனர். கவாத்துக் கத்தியையும் ஊசியையும் ஏந்த அடுத்த கை வேண்டும். ஒருமுறை கைவிட்ட கோகினை மீட்க அவர்கள் பழைய பெட்டிகளைத் தேட வேண்டியிருந்தது. தறியும் தோட்டமும் உடைய நாம், கற்றதை நம் பிள்ளைகளுக்கு இன்றே கற்பித்துவிட்டால் அவ்வாறு தேட நேராது.