மாற்றுறுப்பும் தளர்ந்த தசையும்

பழுதுற்ற கல்லீரலை அகற்றிவிட்டுக் கொடையாகப் பெற்ற கல்லீரலைப் பொருத்துகின்றனர். சில நாள்களில் அது செவ்வனே இயங்கத் தொடங்குகிறது. இரத்த ஆய்வு முடிவுகளும் சீரடைகின்றன. ஆயினும், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ நோயாளியால் இயலவில்லை. குறை புதிய உறுப்பில் இல்லை; அறுவைக்கு நெடுநாள் முன்பே கரையத் தொடங்கிய தசையில் இருக்கிறது. மருத்துவர் இதனைச் 'சார்கோபீனியா' என்பர். 'சதையின் வறுமை' என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள்.

கல்லீரல் நோய் தசையை ஏன் தேய்க்கிறது? நலமான கல்லீரல், உணவிலிருந்து கிடைக்கும் சர்க்கரையைக் கிளைக்கோஜனாகச் சேமித்து வைத்து, உறங்கும் வேளையில் உடலுக்குச் சிறிது சிறிதாக வழங்கும். 'சிரோசிஸ்' என்னும் நோயால் இறுகிய கல்லீரலில் அச்சேமிப்பு மிகக் குறைவு. எனவே, உடல் தன் தசைப் புரதத்தையே சிதைத்துச் சர்க்கரை ஆக்கிக்கொள்கிறது. நலமுடையவர் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் நேரும் மாற்றம், இந்நோயாளிக்கு ஒரே இரவில் நேர்ந்துவிடுகிறது. உறங்கப்போகுமுன் சிற்றுணவு உண்ணுமாறு மருத்துவர் வற்புறுத்துவது இதனால்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. அம்மோனியாவை யூரியாவாக மாற்றி வெளியேற்ற உதவுவது கல்லீரலின் பணி. அது தளரும்போது அப்பணியின் ஒரு பகுதியைத் தசை ஏற்கிறது. ஆனால், தசைக்குள் சேரும் அம்மோனியா புதிய புரதம் உருவாவதைத் தடுக்கிறது. இவ்விழப்பு எளிதில் புலப்படுவதும் இல்லை. வயிற்றில் நீர் கோத்திருப்பதால் எடைக்கருவி குறைவைக் காட்டாது. ஆகவே, கைப்பிடியின் வலிமை, நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமர ஆகும் நேரம் ஆகியவற்றை மருத்துவர் அளந்தறிகின்றனர்.

புதிய கல்லீரல், தசை தேய்வதற்கான மூலகாரணத்தை நீக்குகிறது. தேய்ந்ததைத் தானாக மீட்டுத் தருவதில்லை. மேலும், மாற்றுறுப்பை உடல் ஏற்க மறுக்காதிருக்கத் தரப்படும் ஸ்டீராய்டு மருந்து, தொடை, இடுப்புத் தசைகளை மெலிவிக்கக்கூடும். அதற்காக நோயாளி தாமாக மருந்தை நிறுத்தினால், அரிதிற்பெற்ற உறுப்பையே இழக்க நேரிடும்.

மீட்சிக்கு உணவும் பயிற்சியும் ஒருங்கே வேண்டும். கல்லீரல் நோயாளி புரதத்தைக் குறைக்க வேண்டும் என்னும் பழைய கருத்து இன்று கைவிடப்பட்டுள்ளது. மாற்று அறுவைக்குக் காத்திருக்கும்போதே, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் பரிந்துரைக்கப்படுகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 72 முதல் 90 கிராம் ஆகும். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதமே உள்ளது என்பதை எண்ணினால், இத்தேவையின் அளவு விளங்கும். அறுவைக்குப்பின் பயிற்சி, படுக்கையின் விளிம்பில் அமர்வதில் தொடங்கி, நிற்றல், நடத்தல் என வளர்கிறது. தசைக்குச் சுமை தரும் பயிற்சிகள் பின்னரே இடம்பெறுகின்றன.

இதயமாற்றம் பெற்றோருக்குத் தனிக்கவனம் தேவை. அறுவையின்போது இதயத்துக்குச் செல்லும் நரம்புகள் துண்டிக்கப்படுவதால், நடக்கத் தொடங்கியவுடன் துடிப்பு விரைவதில்லை. இரத்தத்தில் அட்ரினலின் பெருகிய பின்னரே மெல்ல விரைகிறது. ஓய்வுக்குப் பின்னும் அது மெதுவாகவே தணிகிறது. ஆகவே, இவர்கள் பயிற்சியை மெல்லத் தொடங்கி மெல்லவே முடிக்கின்றனர்.

1978ஆம் ஆண்டு, உறுப்புமாற்றம் பெற்றோருக்கான உலக விளையாட்டுப் போட்டி இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் நகரில் முதன்முதலாக நடைபெற்றது. பல நாட்டினர் பங்கேற்கும் அப்போட்டியில், ஓட்டமும் நீச்சலும் இன்றும் இடம்பெறுகின்றன.