கைப்பேசிப் பணம்: ஒரத்தநாட்டிலும் சுவீடனிலும்

கைப்பேசிப் பணம் என்பது, தாளோ நாணயமோ கைமாறாமல், ஒருவரின் வங்கிக் கணக்கிலிருந்து மற்றொருவரின் வங்கிக் கணக்குக்குக் கைப்பேசி வழியாகச் சில நொடிகளில் பணம் அனுப்பும் முறையாகும். இந்தியாவில் இம்முறையின் பெயர் யூபிஐ. பேச்சுவழக்கில் எந்தச் செயலியைப் பயன்படுத்தினாலும் 'ஜிபே பண்ணிடுங்க' என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. வட ஐரோப்பிய நாடான சுவீடனில் இதற்கு ஒப்பான முறை சுவிஷ் எனப்படுகிறது.

தஞ்சாவூர் மாவட்டத்தில் உள்ள ஒரத்தநாடு நெல்லும் தென்னையும் விளையும் பகுதி. சுவீடன், ரொக்கப் புழக்கம் மிகவும் குறைந்துவிட்ட நாடுகளுள் ஒன்று. இரண்டுக்கும் பொதுவானவை குறைவே. ஆனாலும் கைப்பேசிப் பணம் எதை நம்பி நிற்கிறது என்ற கேள்விக்கு இரண்டு இடங்களின் அனுபவமும் ஒரே விடையைத் தருகின்றன. மின்சாரம், கைப்பேசிக் கோபுரம், வங்கிக் கணினி ஆகிய மூன்றில் ஒன்று நின்றாலும், கணக்கில் இருக்கும் பணம் கைக்கு எட்டாத பணமாகிவிடும்.

தோற்றம்

இந்தியாவில் வங்கிகளுக்கிடையே சில்லறைப் பணப்பரிமாற்றத்தை நடத்துவதற்காக இந்தியத் தேசியக் கொடுப்பனவுக் கழகம் 2008இல் நிறுவப்பட்டது. இக்கழகம் உருவாக்கிய யூபிஐ முறை 2016 ஏப்ரல் 11 அன்று 21 வங்கிகளுடன் சோதனை முறையில் அறிமுகப்படுத்தப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 8 அன்று 500 ரூபாய், 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டதும், டிசம்பர் 30 அன்று பீம் செயலி வெளியானதும் இம்முறையைப் பலருக்கும் அறிமுகப்படுத்தின. 2020 ஜனவரி முதல் யூபிஐ வழியாகப் பணம் பெறும் வணிகரிடம் வங்கிகள் கட்டணம் பெறுவது நிறுத்தப்பட்டது. பத்து ரூபாய்த் தேநீருக்கும் கைப்பேசியில் பணம் வாங்கச் சிறு கடைக்காரர்கள் முன்வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இயங்கும் முறை

கடையில் ஒட்டப்பட்டிருக்கும் சதுரக் குறியீட்டில் பணம் எதுவும் இல்லை. கடைக்காரரின் யூபிஐ முகவரி மட்டுமே அதில் உள்ளது. வாடிக்கையாளர் அதைக் கைப்பேசியால் படித்து, தொகையைக் குறிப்பிட்டு, இரகசிய எண்ணை இட்டவுடன் பின்வருவன வரிசையாக நடக்கின்றன:

1. செயலி அந்தக் கோரிக்கையை இணையம் வழியாகத் தன் வங்கிக்கும், அவ்வங்கி அதைக் கொடுப்பனவுக் கழகத்தின் கணினிக்கும் அனுப்புகிறது.
2. கழகத்தின் கணினி, வாடிக்கையாளரின் வங்கியிடம் பணத்தைக் கழிக்கச் சொல்கிறது. இரகசிய எண் சரிதானா என்று பார்ப்பது அந்த வங்கியே.
3. பணம் கழிக்கப்பட்டதும், கடைக்காரரின் வங்கியிடம் அதை வரவு வைக்கச் சொல்லப்படுகிறது.
4. இருவருக்கும் செய்தி போகிறது. கடையில் உள்ள சிறு ஒலிபெருக்கி தொகையை உரக்கச் சொல்கிறது.

வங்கிகள் தங்களுக்குள் கணக்குத் தீர்த்துக்கொள்வது பின்னர் நடக்கும். பார்ப்பவருக்கு இது இரண்டு பேருக்கிடையே நடக்கும் செயலாகத் தெரிந்தாலும், இரண்டு வங்கிகள், ஒரு மையக் கணினி, கைப்பேசி நிறுவனங்களின் கோபுரங்கள் ஆகிய அனைத்தும் அந்த நொடியில் விழித்திருக்க வேண்டும். 2025 மார்ச் 26, ஏப்ரல் 12 ஆகிய நாள்களில் நாடு முழுவதும் யூபிஐ சேவை தடைபட்டபோது, கணக்கில் பணம் இருந்தும் கடை வாசலில் பலர் கையைப் பிசைந்து நின்றனர்.

ஒரத்தநாட்டுப் பகுதியில் பணத்தின் வழி

ஒரத்தநாடு, தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை செல்லும் சாலையில் அமைந்த வட்டத் தலைநகரம். சரபோஜி மன்னர் காலத்தில் இங்கு அமைக்கப்பட்ட சத்திரத்தின் பெயரால் முத்தம்பாள்புரம் என்ற பழைய பெயரும் இவ்வூருக்கு உண்டு. புதாறு என்று மக்கள் அழைக்கும் கல்லணைக் கால்வாய் இவ்வட்டாரத்தின் பாசன ஆதாரங்களுள் முதன்மையானது.

இப்பகுதிக் குடும்பங்களுக்கு வரும் பணத்தில் கணிசமான பகுதி இப்போது தாளாக வருவதில்லை. அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கான தொகை விவசாயியின் வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகையான மாதம் 1000 ரூபாயும், ஊரக வேலைத் திட்டக் கூலியும் அவ்வாறே வருகின்றன. சிங்கப்பூரில் வேலை செய்வோர் வீட்டுக்குப் பணம் அனுப்ப, அந்நாட்டின் பேநவ் முறையும் யூபிஐயும் 2023 பிப்ரவரி 21 அன்று இணைக்கப்பட்டன.

வந்த பணம் வெளியே போகும் வழி இரண்டாகப் பிரிகிறது. உரக்கடை, மருந்துக்கடை, பேருந்து நிலையத் தேநீர்க் கடை ஆகியவற்றில் கைப்பேசி போதும். நடவுக்கும் களையெடுக்கவும் வரும் பெண்களுக்கு மாலையில் கரையேறியதும் தரும் கூலி, கோயில் திருவிழா வரி, மொய் ஆகியவற்றுக்கு ரொக்கத்தையே தேடுவோர் இன்னும் உண்டு. திறன்பேசி இல்லாத முதியவர்களுக்கு வங்கித் தொடர்பாளரும், கைரேகை வைத்துப் பணம் தரும் தபால்காரரும்தான் வங்கி.

கஜா புயல் காட்டியது

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில் தென்னந்தோப்புகள் வேரோடு விழுந்தன. பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றவும், கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றவும் ஜெனரேட்டரைத் தேட வேண்டியிருந்தது.

கைப்பேசிக் கோபுரமும் மின்சாரத்தால் இயங்குவதே. மின்தடையின்போது அது மின்கலத்தாலும் பின்னர் டீசல் ஜெனரேட்டராலும் சில காலம் ஓடும். சாலையில் மரம் விழுந்து டீசல் வண்டி வர முடியாதபோது கோபுரமும் அணைந்துவிடும். பணம் வழங்கும் ஏடிஎம் இயந்திரத்துக்கும் மின்சாரமும் வங்கித் தொடர்பும் தேவை என்பதால் அதுவும் உதவாது.

அந்த நாள்களில் மெழுகுவர்த்தி, அரிசி, பால், தார்ப்பாய் ஆகியவற்றை மக்கள் கையில் இருந்த ரொக்கத்துக்கும், கடைக்காரரின் கடன் நோட்டை நம்பியும் வாங்க முடிந்தது. 2018 நவம்பர் மாதத்தில் நாடு முழுவதும் நடந்த யூபிஐ பரிமாற்றங்கள் சுமார் 52 கோடி. 2025 ஆகஸ்டு மாதத்தில் இந்த எண்ணிக்கை 2,000 கோடியைத் தாண்டியது. கஜா வந்தபோது பெரும்பாலான வீடுகளில் ரொக்கம் வைத்திருக்கும் பழக்கம் மாறியிருக்கவில்லை. அப்பழக்கம் குறைந்தபின் அதே அளவு புயல் வந்தால் அதன் சுமை வேறாக இருக்கும்.

சுவீடனின் அனுபவம்

ஐரோப்பாவில் முதன்முதலாகப் பணத்தாள் அச்சிட்ட நாடு சுவீடன். அந்த ஆண்டு 1661. 1668இல் தொடங்கப்பட்ட அதன் மைய வங்கியான ரிக்ஸ்பேங்க், இன்று இயங்கும் மைய வங்கிகளுள் மிகப் பழையது. தாள் பணத்தைக் கைவிடுவதிலும் அதே நாடு முன்னே சென்றது.

2012 டிசம்பரில் ஆறு வங்கிகள் இணைந்து சுவிஷ் செயலியை வெளியிட்டன. பெறுபவரின் கைப்பேசி எண் தெரிந்தால் போதும். பணம் உடனே போய்விடும். அனுப்புபவரை அடையாளம் காண, வங்கிகள் தரும் பேங்க்ஐடி என்ற மின்னணு அடையாளம் பயன்படுகிறது. ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வாழும் நாட்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சுவிஷ் பயன்படுத்துகின்றனர். தேவாலயக் காணிக்கைகூட இதன் வழியே செலுத்தப்படுகிறது. 'ரொக்கம் வாங்குவதில்லை' என்று பலகை வைத்த கடைகளும் அங்கு உண்டு.

இந்த வேகத்துக்கு எதிர்ப்பும் எழுந்தது. பேங்க்ஐடி பெற முடியாதவர்கள், முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் விடுபட்டுப்போகிறார்கள் என்று வாதிட்ட 'ரொக்கக் கிளர்ச்சி' என்ற இயக்கத்துக்கு முன்னாள் தேசியக் காவல்துறைத் தலைவர் பியோர்ன் எரிக்சன் தலைமை தாங்கினார். பெரிய வங்கிகள் ரொக்கச் சேவையைத் தொடர்ந்து வழங்கவேண்டும் என்ற சட்டம் 2020இல் நடைமுறைக்கு வந்தது.

2021 ஜூலை 3 அன்று கூப் என்ற பல்பொருள் அங்காடி நிறுவனம் சுமார் 800 கடைகளை மூட நேர்ந்தது. அமெரிக்காவில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தின் மீது நடந்த இணையத் தாக்குதல், பல கைகள் தாண்டி, அக்கடைகளின் கல்லா இயந்திரங்களை முடக்கியதே காரணம். இயந்திரம் இல்லாமல் ரொக்கம் வாங்கவும் அங்கு வழியில்லை. இழுப்பறையும் கடன் நோட்டும் வைத்திருக்கும் ஒரத்தநாட்டு மளிகைக் கடைக்கு இந்த இடர் குறைவு.

சுவீடன் அரசு 2018இல் ஒவ்வொரு வீட்டுக்கும் அனுப்பிய நெருக்கடிக்காலக் கையேட்டில், குடிநீர், உணவு, மின்கல வானொலி ஆகியவற்றோடு சிறு மதிப்புத் தாள்களாகக் கொஞ்சம் ரொக்கமும் வைத்திருக்கச் சொன்னது. 2024 நவம்பரில் அனுப்பிய புதிய பதிப்பும் ரொக்கத்தை வலியுறுத்துகிறது.

இணையம் இல்லாதபோது உள்ள வழிகள்

- *99# சேவை: சாதாரணக் கைப்பேசியில் இவ்வெண்ணை அழுத்தி, இணையம் இன்றிப் பணம் அனுப்பலாம்.
- யூபிஐ 123பே: 2022 மார்ச்சில் தொடங்கியது. தொலைபேசி அழைப்பு வழியாகவும் பணம் செலுத்தலாம்.
- யூபிஐ லைட்: 2022 செப்டம்பரில் தொடங்கியது. சிறு தொகைகளை இரகசிய எண் இல்லாமல், கைப்பேசியில் முன்கூட்டி ஒதுக்கிய பணத்திலிருந்து செலுத்தலாம். வங்கிக் கணினியில் நெரிசல் இருந்தாலும் பெரும்பாலும் தடைபடாது.
- யூபிஐ லைட் எக்ஸ்: 2023 செப்டம்பரில் அறிமுகமானது. இரண்டு கைப்பேசிகளை அருகருகே வைத்து, இணையம் இல்லாமலே பணம் மாற்றலாம். இதற்கான வசதி கொண்ட கைப்பேசி இருவரிடமும் இருக்கவேண்டும்.

முதல் இரண்டுக்கும் இணையம் தேவையில்லை. ஆனால் கோபுரம் தேவை. கடைசி வழிக்குக் கோபுரம் தேவையில்லை. ஆனால் கைப்பேசியில் சார்ஜ் இருக்கவேண்டும்.

பணம் நடுவில் சிக்கிக்கொண்டால்

கணக்கில் கழிந்த பணம் கடைக்காரருக்குச் சேரவில்லை என்றால் பதற்றத்தில் உடனே மறுபடி அனுப்பக் கூடாது. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வெளியிட்ட விதிப்படி, தனிநபருக்கு அனுப்பிய தொகை பரிமாற்றம் நடந்த மறுநாளுக்குள்ளும், வணிகருக்குச் செலுத்திய தொகை ஐந்து நாள்களுக்குள்ளும் தீர்வு காணப்படவேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

பணம் பெறுவதற்கு இரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. 'நெல் பணம் வந்திருக்கிறது, எண்ணை இடுங்கள்' என்று யாரேனும் சொன்னால் அது மோசடி. ஏமாந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்கவேண்டும்.

ரொக்கத்தின் இடம்

கைப்பேசிப் பணம் சில்லறைத் தட்டுப்பாட்டைத் தீர்த்தது; வங்கிக்குப் போகும் பேருந்துச் செலவையும் ஒரு நாள் கூலி இழப்பையும் மிச்சப்படுத்தியது. அதன் பயனை மறுக்க வேண்டியதில்லை. அது நன்றாக இயங்க இயங்க, வீட்டில் ரொக்கம் குறைகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். காவிரிப் படுகையில் அடைமழையும் புயலும் ஐப்பசி, கார்த்திகையில் வருகின்றன. விளக்குக்கு எண்ணெயும் பானையில் அரிசியும் சேர்த்து வைப்பதுபோல், ஒரு வாரச் செலவுக்கான தொகையைப் பத்து, ஐம்பது, நூறு ரூபாய்த் தாள்களாக நனையாத உறையில் வைத்திருப்பது அம்மாதங்களுக்கான முன்னேற்பாடுகளுள் ஒன்றாகும்.