உட்காரும் இடமும் முதலீடே
வீட்டிலிருந்து தைப்போர் தமக்கென அமைத்துக்கொள்ள வேண்டிய பணியிடம்

வீட்டிலேயே தையல் தொழில் தொடங்க விரும்புவோர் போடும் செலவுப் பட்டியலில் இயந்திரத்தின் விலை இருக்கும். மோட்டாரின் விலை இருக்கும். நூல், லைனிங் துணி, ஹூக், பட்டன் ஆகியவற்றுக்கான தொகையும் இருக்கும். அமர்ந்து தைக்கும் நாற்காலி, நின்று வெட்டும் மேசை, ஊசிமுனையில் விழவேண்டிய விளக்கு ஆகிய மூன்றும் பொதுவாக அப்பட்டியலில் இடம்பெறுவதில்லை. வீட்டில் கிடக்கும் முக்காலியும், தரையில் விரித்த பாயும், கூரை நடுவே எரியும் குழல் விளக்கும் போதுமென்று விட்டுவிடுகிறோம். இந்தச் சிக்கனத்தின் விலையை உடல்தான் கொடுக்கிறது. முதலில் கழுத்து, அடுத்துத் தோள், பிறகு இடுப்பு என வலி படிப்படியாக இறங்குகிறது. தொழில் சூடுபிடிக்கும் வேளையில் கை ஓய்ந்துவிடுகிறது.

ஐசக் மெரிட் சிங்கர் 1851ஆம் ஆண்டில் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற தையல் இயந்திரம், சில ஆண்டுகளிலேயே தவணை முறையில் விற்கப்பட்டு எளிய குடும்பங்களை எட்டியது. இயந்திரங்களை ஐயத்துடன் நோக்கிய காந்தியடிகளும், 1924இல் ஜி. இராமச்சந்திரனுடன் நிகழ்த்திய உரையாடலில் இதற்கு விலக்களித்தார். மனைவி ஓயாமல் கையால் தைத்து வருந்துவதைக் காணப் பொறாத ஒருவர், அன்பின் காரணமாகச் செய்த கருவி இது என்பது அவர் கண்ட சிறப்பு. வருத்தம் தீர்க்க வந்த கருவி இன்று முதுகை வருத்துமானால், அதை வைத்திருக்கும் இடத்தையும் உயரத்தையும் நாம் சரிபார்க்க வேண்டும் என்பதே பொருள்.

நிலையான ஒரு மூலை

தையலுக்குத் தனி அறை வேண்டும் என்பதில்லை. மிதி இயந்திரத்தின் மேசை ஏறத்தாழ 3 அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உடையது. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுவதற்கான இடத்தையும் சேர்த்தால், 4 அடிக்கு 5 அடி இருந்தாலே போதும். ஆனால் அந்த இடம் நிலையானதாக இருத்தல் வேண்டும். தைக்கும்போது இறக்கி வைத்து, விருந்தினர் வந்தால் கட்டிலுக்கடியில் தள்ளும் ஏற்பாடு நேரத்தை வீணாக்கும். பழைய வார்ப்பிரும்புத் தலைப்பகுதி 10 கிலோவுக்கும் மேல் எடையுள்ளது. அதை நாள்தோறும் குனிந்து தூக்குவதே இடுப்பு வலிக்கு வழிவகுக்கும். வீட்டினர் அனைவரும் பேசி முடிவுசெய்து, இன்ன மூலை தொழிலுக்குரியது என ஒதுக்கிக் கொடுப்பது முதற்படி. சம்பாதிப்பவர் வீட்டுப் பெண்ணாயிற்றே, எங்கேயாவது அமர்ந்து தைத்துக்கொள்வார் என்ற எண்ணம் மாற வேண்டிய இடமும் இதுவே.

மூலையைத் தேர்ந்தெடுக்கையில் சிலவற்றைக் கருதுக. துணியின் பெரும்பகுதி ஊசிக்கு இடப்புறமே தங்கும். ஆகவே இடப்பக்கம் சுவரோ அலமாரியோ நெருக்கக் கூடாது. தைத்த துணி ஊசிக்குப் பின்புறம் நகர்ந்து செல்லும். திரைச்சீலை தைப்பவரும் புடவைக்கு ஃபால்ஸ் தைப்பவரும் மேசையைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் துணி அங்கே குவிந்து தையலை இழுக்கும். ஓரடி இடைவெளி விடுவது நன்று. சமையலறைக்கு அருகில் வேண்டாம். வாடிக்கையாளரின் பட்டுத்துணியில் ஒரு துளி எண்ணெய் பட்டாலும் இழப்பு நமதே. மழைக்காலத்தில் ஈரம் கசியும் சுவரையும் தவிர்க்க வேண்டும். அளவு கொடுக்க வருவோர் வீட்டின் உட்பகுதிக்குள் நுழையாதபடி, வாசலை ஒட்டிய அறை கிடைத்தால் இரு தரப்பினருக்கும் வசதி. ஒரு திரைச்சீலையும் ஆளுயரக் கண்ணாடியும் அங்கே போதுமானவை.

உயரமே உயிர்நாடி

நாற்காலியில் நேராக அமர்ந்து, தோள்களைத் தளர்த்தி, மேற்கைகளை உடலை ஒட்டித் தொங்கவிட்டு, முழங்கையை மடக்குங்கள். தரையிலிருந்து முழங்கை வரையுள்ள உயரத்தை அளவு நாடாவால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஊசித்தட்டு அந்த மட்டத்திலோ, அதற்கு ஓரிரு அங்குலம் மேலாகவோ இருத்தல் வேண்டும். அதைவிட உயர்ந்தால் தோள் தூக்கி நிற்கும். தாழ்ந்தால் கழுத்தும் முதுகும் வளையும்.

மேசைமேல் வைத்துப் பயன்படுத்தும் மின் இயந்திரங்களில்தான் பிழை மிகுதி. சாதாரண மேசை ஏறத்தாழ 30 அங்குலம் உயரம். அதன்மேல் இயந்திரத்தின் அடிப்பகுதி இன்னும் சில அங்குலம் கூட்டுகிறது. இதற்கு இரண்டு தீர்வுகள் உண்டு. தச்சரைக் கொண்டு மேசைப் பலகையில் இயந்திரத்தின் அளவுக்கு வெட்டியெடுத்து, ஊசித்தட்டும் பலகையும் ஒரே மட்டத்தில் இருக்குமாறு இறக்கிப் பொருத்தலாம். அது இயலாவிடில் இருக்கையை உயர்த்திக்கொண்டு, உயர்த்திய அளவுக்குக் காலடியில் உறுதியான பலகை ஒன்றை இட்டு, மின் மிதியையும் அப்பலகையின்மேல் வைக்கலாம்.

இருக்கைக்கு முதுகுச் சாய்வு இன்றியமையாதது. முக்காலியிலும் பிளாஸ்டிக் ஸ்டூலிலும் ஒரு மணி நேரத்துக்குமேல் நிமிர்ந்திருப்பது அரிது. இடுப்பின் வளைவில் சிறு தலையணை ஒன்றைக் கட்டிவைப்பது உதவும். தையல் வேலையில் உடல் சற்றே முன்சாய்வது இயல்பு; இருக்கையின் பின்பாதியில் துண்டை மடித்துப் போட்டு, இருக்கை முன்னோக்கி இலேசாகச் சரியுமாறு செய்தால், முதுகை வளைக்காமலே முன்சாயலாம்.

உடலின் நடுக்கோடு ஊசிக்கு நேராக இருக்க வேண்டும். பலர் இயந்திரத்தின் நடுப்பகுதிக்கு எதிரே அமர்கின்றனர். ஊசி இடப்புறம் இருப்பதால் நாள் முழுவதும் இடுப்பும் கழுத்தும் திரும்பியே இருக்க நேர்கிறது. நாற்காலியை ஒரு சாண் இடப்பக்கம் நகர்த்துவதற்குக் காசு செலவில்லை. மின் மிதி முன்னே நழுவிச் செல்லாதிருக்க அடியில் ரப்பர் விரிப்பு இடுங்கள். குதிகால் தரையில் ஊன்றியிருக்க, முன்பாதத்தால் மட்டும் அழுத்துவது முறை.

ஒளி எங்கிருந்து வருகிறது?

கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் தைப்பவருக்குக் கூரை விளக்கு போதாது. முதுகுக்குப் பின்னே விளக்கு எரிந்தால் தம் தலையின் நிழலே ஊசிமேல் விழும். பகலில் சன்னல் இடப்புறம் அமைவது சிறப்பு. இரவில், வளைத்துத் திருப்பக்கூடிய சிறிய எல்இடி விளக்கு ஒன்று இடமிருந்து ஊசிமுனையை நோக்கி இருக்கட்டும். கண்ணில் நேராகக் கூசாமல் விளக்கின் மூடி தாழ்ந்திருக்க வேண்டும். நூலுக்கும் துணிக்கும் நிறம் பொருத்திப் பார்ப்போர் பகல் வெள்ளொளி தரும் 6500 கெல்வின் விளக்கைத் தேர்ந்தெடுப்பது நன்று. மஞ்சள் ஒளியில் பொருந்திய நிறம் வெயிலில் வேறாகத் தெரியலாம். ஊசிமேல் மட்டும் வெளிச்சமும் அறை முழுதும் இருளுமாக இருந்தால் கண் விரைவில் களைப்படையும். ஆதலால் பொது விளக்கும் எரியட்டும். நாற்பதைக் கடந்தோர் ஊசியில் நூல் கோக்கத் தடுமாறினால் அது பெரும்பாலும் வெள்ளெழுத்தே. கண் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

தரையிலிருந்து மேசைக்கு

துணி வெட்டுவது நம் வீடுகளில் பெரும்பாலும் தரையில்தான். மண்டியிட்டுக் குனிந்து அரை மணி நேரம் வெட்டுவது, இரண்டு மணி நேரம் தைப்பதைவிட முதுகை வாட்டும். 4 அடிக்கு இரண்டரை அடி அளவில் ஒரு பலகை இருந்தால் ரவிக்கையும் குழந்தைகளின் உடையும் வெட்டிவிடலாம். சுவரில் கீல் வைத்துப் பொருத்தி, வேலை முடிந்ததும் மடக்கிவிட்டால் இடமும் அடைபடாது. நின்று வெட்டும் மேசையின் உயரம், நிற்கும்போதுள்ள முழங்கை மட்டத்துக்கு ஏறத்தாழ 4 அங்குலம் கீழாக இருக்கலாம். 5 அடி உயரமுள்ளவருக்கு அது 34 அங்குலம் அளவில் அமையும். உணவு மேசையின் கால்களுக்கு அடியில் உறுதியான மரக்கட்டைகளை வைத்து உயர்த்திக்கொள்வதும் ஒரு வழி. அதே பலகையில் பழைய போர்வையை மடித்து விரித்தால் இஸ்திரி போடவும் பயன்படும்.

மின்சாரமும் பாதுகாப்பும்

வீட்டுத் தையல் மோட்டார் மிகக் குறைந்த மின்சாரத்தையே இழுக்கும். கவனம் தேவைப்படுவது இஸ்திரிப் பெட்டிக்கு. 1000 வாட் பெட்டி 230 வோல்ட்டில் 4 ஆம்பியருக்குச் சற்று மேலாக இழுக்கிறது. 2000 வாட் நீராவிப் பெட்டி 9 ஆம்பியரை நெருங்குவதால், அதை 16 ஆம்பியர் சாக்கெட்டில் மட்டுமே செருக வேண்டும். இயந்திரம், விளக்கு, இஸ்திரிப் பெட்டி அனைத்தையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையில் சேர்ப்பது ஆபத்து. வெட்டுத் துண்டுகளும் பிசிறும் நிறைந்த இடத்தில் ஒரு பொறியே தீவிபத்துக்குப் போதும். சாக்கெட்டில் எர்த் இணைப்பு உள்ளதா என்பதையும், வீட்டு மின்பலகையில் கசிவு மின்னோட்டத்தை 30 மில்லி ஆம்பியரிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. உள்ளதா என்பதையும் மின்பணியாளரைக் கொண்டு உறுதிசெய்க.

ஊசி மாற்றுமுன் மின் இணைப்பைத் துண்டிப்பது வழக்கமாகட்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் சக்கரத்துக்கும் பெல்ட்டுக்கும் மூடி வேண்டும். உடைந்த ஊசிகளுக்கு மூடியுள்ள தகர டப்பா ஒன்றும், தரையில் சிந்திய குண்டூசிகளைப் பொறுக்கக் காந்தம் ஒன்றும் எப்போதும் அருகிலிருக்கட்டும்.

வேலையை மாற்றுவதே ஓய்வு

எவ்வளவு நன்றாக அமைந்த இருக்கையும் ஆறு மணி நேரம் அசையாதிருப்பதை ஈடுசெய்யாது. ஐந்து ரவிக்கைகளையும் வரிசையாக வெட்டி, வரிசையாகத் தைத்து, இறுதியில் மொத்தமாக ஹூக் கட்டுவது விரைவாகத் தோன்றலாம். ஆனால் அரை மணி அல்லது முக்கால் மணிக்கொருமுறை எழுந்து நின்று வெட்டுவது, இஸ்திரி போடுவது என வேலையை மாற்றிக்கொண்டால் உடல் தாங்கும். தீபாவளி, பொங்கல், முகூர்த்த மாதங்கள், பள்ளி திறக்கும் காலம் ஆகியவற்றில் இரவு முழுதும் விழித்துத் தைக்க நேர்வதுண்டு. அக்காலங்களில் ஏற்கும் துணியின் எண்ணிக்கைக்கு முன்கூட்டியே ஒரு வரம்பு வைப்பது, தரத்துக்கும் உடலுக்கும் காப்பு.

வங்கிக் கணக்கில் பார்த்தால்

எடுத்துக்காட்டாக, ஒருவர் நாளொன்றுக்கு 4 ரவிக்கைகள் தைக்கிறார். ஒன்றுக்குக் கூலி 150 ரூபாய் என்று கொள்வோம். இடுப்பு வலியால் வாரத்தில் ஒரு நாள் மட்டும் வேலை நின்றால், மாதத்தில் 16 ரவிக்கைகள், அதாவது 2,400 ரூபாய் இழப்பு. நாற்காலி, விளக்கு, மேசை ஆகியவற்றின் விலையை இத்தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கையில் உள்ள பணம் குறைவெனில் முதலில் விளக்கு, அடுத்து இருக்கை, அதன்பின் வெட்டுமேசை என வரிசைப்படுத்தலாம். இரண்டாவது இயந்திரம் அதற்குப் பிறகே.

தையற்கலைஞர் உட்பட 18 கைத்தொழில்களுக்காக 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்ட பி.எம். விஸ்வகர்மா திட்டம், கருவிகளுக்கென 15,000 ரூபாய் வரை ஊக்கத்தொகையும், முதற்கட்டமாக 1 இலட்சம் ரூபாயும் அடுத்து 2 இலட்சம் ரூபாயும் 5 விழுக்காடு வட்டியில் பிணையில்லாக் கடனும் வழங்குகிறது. 2015இல் தொடங்கிய முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையின்றிப் பெறலாம். திட்டங்களின் தகுதியும் நடைமுறையும் மாநிலந்தோறும் வேறுபடலாம் என்பதால், விண்ணப்பிக்குமுன் கிளையில் கேட்டறிக. செலவு மதிப்பீட்டைத் தரும்போது இயந்திரத்தோடு பணியிடச் செலவையும் சேர்த்தே குறிப்பிடுங்கள். 1 இலட்சம் ரூபாயை 5 விழுக்காட்டில் 18 மாதத் தவணையாகச் செலுத்தினால் மாதம் ஏறத்தாழ 5,780 ரூபாய் வரும். மேற்கண்ட கூலியில் அது 39 ரவிக்கைகளின் உழைப்பு. தவணை நாள் தவறாமல் வரும். கையும் முதுகும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும்.

ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டணத்தில் 2 இலட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு தரும் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில், 18 முதல் 70 வயது வரையுள்ள கணக்காளர் சேரலாம். சேர்ந்திருப்பது அவசியம். ஆயினும் அது விபத்துக்கு உரியது. ஆண்டுக்கணக்காகத் தவறாக அமர்ந்து வந்த வலிக்கு அது பொருந்தாது.

அகமதாபாத்தில் இலா பட் 1972இல் தொடங்கிய சேவா அமைப்பின் பெண்கள், 1974இல் ஆளுக்குப் பத்து ரூபாய் பங்குத்தொகை செலுத்தித் தமக்கென ஒரு கூட்டுறவு வங்கியை நிறுவினர். வீட்டிலிருந்து உழைப்பவருக்கு வீடே தொழிற்கூடம் என்பதை அவ்வமைப்பு தொடர்ந்து வலியுறுத்தி வந்தது. ஒழுகும் கூரையைச் செப்பனிடுவதும் சன்னல் வைப்பதும் அவருக்குத் தொழிற்செலவே.

ஆகவே அடுத்த துணியை மேசையில் வைப்பதற்கு முன், அளவு நாடாவை எடுத்து ஒருமுறை உங்களையே அளந்துகொள்ளுங்கள். முழங்கை உயரம், இருக்கையின் உயரம், ஊசித்தட்டின் உயரம் ஆகிய மூன்றையும் அளவுக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். ஊரார் அனைவரின் அளவும் இருக்கும் ஏட்டில், தைப்பவரின் அளவும் இருப்பதே முறை.