குருதி அறிக்கையில் ஓர் 'எதிரி'

எங்கள் உயிரியற் பாடநூல்களிலே 'பிறபொருளெதிரி' என்றொரு சொல் வழங்குகின்றது. புறத்திலிருந்து உடலினுட் புகும் பொருளை எதிர்த்து நிற்பதற்கெனக் குருதியிலே தோன்றும் புரதத்துக்கு அப்பெயர். பல்லாண்டுகளாக அச்சொல்லைக் கரும்பலகையில் எழுதிவந்தவள் நான். அது ஒரு பெண்ணை அழவைக்கக்கூடும் என்பதைச் சென்ற ஆண்டு என் பெறாமகளின் வீட்டிலேதான் கண்டேன்.

அவளுக்கு மணமாகி நான்காண்டுகள். ஒரு கரு பத்தாம் வாரத்திற் சிதைந்துவிட்டது. மீண்டும் முயல்வதற்கு முன்னர்ச் செய்வித்த பரிசோதனையிலே, தைரொயிட்டுச் சுரப்பிக்கு எதிரான பிறபொருளெதிரி 412 அலகு என்றிருந்தது. 34 அலகுக்கு மேற்படலாகாது என்று அருகிலே அச்சிட்டிருந்தார்கள். அறிக்கையைக் கையிற் கொடுத்தவர்கள் விளக்கம் சொல்லவில்லை. அயலவர்கள் சொல்லிவிட்டார்கள்.

"சின்னம்மா, என்ர ரத்தத்திலையே எதிரி இருக்குதாம். அதுதான் பிள்ளை தங்கேல்லையாம்."

"ஆர் சொன்னது? மற்ற எண்ணைக் காட்டு, பிள்ளை" என்றேன்.

மற்ற எண் டி.எஸ்.எச். என்பது. அது 2.1 என்று ஒழுங்காகவே இருந்தது. அவளும் அதனைப் பார்க்கவில்லை. ஆறுதல் சொல்ல வந்தோரும் பார்க்கவில்லை. ஆனால் அறிக்கையின் உயிர்நாடி அதுவே.

கழுத்தின் முன்புறத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்த தைரொயிட்டுச் சுரப்பி தைரொட்சின் என்னும் ஓமோனை ஆக்குகின்றது. மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி, டி.எஸ்.எச். என்னும் தூதினை அனுப்பி அதனை வேலை வாங்குகின்றது. வகுப்பிலே மாணவன் சோர்ந்தால் ஆசிரியரின் குரல் உயர்வதைப் போல, தைரொட்சின் குறைந்தால் டி.எஸ்.எச். உயரும். ஆகவே சுரப்பி இன்று எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதைச் சொல்வது டி.எஸ்.எச்.; நாளை அது சோர்வடையலாம் என்று முன்னறிவிப்பது பிறபொருளெதிரி. இரண்டையும் ஒன்றாக மயங்குவதனாலேயே இத்துணைக் கண்ணீரும் என்பது என் எண்ணம்.

உடல் தன்னையே தாக்குமா என்ற ஐயம் மருத்துவர்களுக்கும் நெடுங்காலம் இருந்தது. 1912 இல் யப்பானிய வைத்தியர் அக்கறு அசிமோட்டோ, வெண்குழியங்கள் நிறைந்து வீங்கிய தைரொயிட்டுச் சுரப்பிகளை நான்கு பெண்களிடத்திற் கண்டு விவரித்தார். காரணம் விளங்கவில்லை. 1956 இலேதான் இலண்டனில் அய்வன் றொயிற், டெபோரா டோனியக் முதலானோர், அத்தகைய நோயாளரின் குருதியிலே அவர்தம் சுரப்பிப் பொருளையே எதிர்க்கும் புரதம் இருப்பதைக் காட்டினர். பிறபொருளை அன்று, தன்பொருளையே எதிர்ப்பது அது. நம் கலைச்சொல் இவ்விடத்திற் சற்று வழுக்கிவிடுகின்றது. நோயெதுவும் வெளிப்படாத பெண்களிலும் ஏறக்குறையப் பத்தில் ஒருவரிடத்தில் இஃது உண்டு.

அயலவரின் பேச்சு முற்றிலும் ஆதாரமற்றதென்றும் சொல்லிவிட முடியாது. 1990 இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வொன்றிலே, இவ்வெதிரி உடைய பெண்களில் 17 சதவீதத்தினருக்கும், இல்லாதோரில் 8.4 சதவீதத்தினருக்கும் கருச்சிதைவு நேர்ந்தமை காணப்பட்டது. ஆயினும், தொடக்க வாரங்களிற் சிதையும் கருக்களில் ஏறக்குறையப் பாதி, கருவின் நிறமூர்த்தங்களில் நேர்ந்த பிழையால் அழிவன என்பதையும் மறக்கலாகாது. தாயின் குருதி மீது அந்தப் பழியைப் போட இடமில்லை.

அப்படியானால் தைரொட்சின் குளிசை கொடுத்துவிடலாமே என்று தோன்றும். பல காலம் அவ்வாறு கொடுத்தும் வந்தார்கள். பிரித்தானியாவில் 49 வைத்தியசாலைகள் சேர்ந்து இதனைச் சோதித்து, முடிவை 2019 இல் வெளியிட்டன. 19,585 பெண்களின் குருதியைப் பரிசோதித்து, டி.எஸ்.எச். ஒழுங்காயிருந்தும் எதிரி உடையவராய், முன்பு கருச்சிதைவோ மகப்பேறின்மையோ கண்டவராய் இருந்தோரைத் தெரிந்து இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் கருத்தரிக்கு முன்னிருந்தே நாளொன்றுக்கு 50 மைக்கிரோகிராம் தைரொட்சின் உண்டனர். மற்றவர் உண்டது வெறுங் குளிசை. குளிசை உண்ட 470 பேரில் 176 பேரும், வெறுங் குளிசை உண்ட 470 பேரில் 178 பேரும் உயிருள்ள பிள்ளையைப் பெற்றனர்!

மருந்து பயன்படவில்லை என்பதை மட்டுமே பலர் இதிற் கண்டார்கள். நான் கூட்டிப் பார்த்தது மற்றொன்று. எதிரியும் பழைய துயரமும் உடைய 354 பெண்கள் தாயாகினார்கள். பெறாமகளுக்கு அந்த எண்ணையே எழுதிக் கொடுத்தேன்.

இதனைக் கொண்டு எவரும் தாமாகக் குளிசையை நிறுத்திவிடலாகாது. டி.எஸ்.எச். உயர்ந்திருப்போருக்கு அது வேண்டிய மருந்தே. மற்று, 412 என்பதை இன்னொருத்தியின் 900 உடன் ஒப்பிட்டு மகிழ்வதும் வருந்துவதும் வீண். ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் அளக்கும் முறை வேறு. எண்ணைக் குறைக்கிறோமென்று செலெனியம் குளிசை வாங்குவதும் அவ்வாறே: எண் குறைந்தாலும் பிள்ளைப்பேறு கூடியதாக நிறுவப்படவில்லை. கோவாக் கறியை ஒதுக்கச் சொன்ன அயல்வீட்டு அம்மையாருக்கு நான் மறுமொழி கூறவில்லை.

செய்ய வேண்டியது கண்காணிப்பு. கருவுற்றபின் தைரொட்சின் ஆக்கம் ஏறக்குறைய அரைப்பங்கு உயரவேண்டும். முதல் மூன்று மாதங்களிற் சிசு தாயின் தைரொட்சினையே நம்பியிருக்கின்றது. நலமான சுரப்பி இச்சுமையைத் தாங்கும். எதிரி புகுந்த சுரப்பி சிலவேளை பின்தங்கும். ஆதலின், கருவுற்றது உறுதியானதும் ஒரு தடவையும், பின்னர்க் கர்ப்பகாலத்தின் நடுப்பகுதி வரை நான்கு வாரத்துக்கு ஒரு தடவையும் டி.எஸ்.எச். பார்க்கவேண்டுமென அமெரிக்கத் தைரொயிட்டுச் சங்கம் 2017 இல் வகுத்த நெறி கூறுகின்றது. உயர்ந்தால் மருந்து உண்டு. மலிவானதும் பழக்கமானதுமான மருந்து.

பிள்ளை பிறந்தபின் இந்தக் கவனம் நின்றுவிடுவதுதான் வழக்கம். ஆனால் எதிரி உடைய தாய்மாரில் மூன்றிலொரு பங்கினர் முதல் அரைவாசிப் பேர் வரை, மகப்பேற்றை அடுத்த ஓராண்டினுள் சுரப்பி அழற்சிக்கு ஆளாகின்றனர். படபடப்பு, பின்னர்ச் சோர்வு, காரணமில்லா மனவருத்தம். வீட்டார் இதனைப் பிள்ளைப்பெற்ற களைப்பு என்பார்கள். மூன்றாம் மாதத்திலும் ஆறாம் மாதத்திலும் அதே டி.எஸ்.எச். பரிசோதனையைச் செய்வித்தால், களைப்பு எது, நோய் எது என்பது தெரிந்துவிடும்.